நிறையாத தொட்டி

சேரன்மகாதேவியில் கோமுவின் வீட்டுக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று, புறவாசல் கிணறு. ஆற்றங்கரை ஊர் என்பதால் எந்தக் கோடையிலும் வாளி வெறுமையாக மேலே வந்ததில்லை. இன்னொன்று, கழிவுநீர்த் தொட்டி. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லலாமா என்று கோமுவுக்குக் கூச்சம் உண்டு. அவள் கணவர் பாபநாசத்துக்கு அது கிடையாது. தெருவில் யார் வீட்டுக்காவது தொட்டி உறிஞ்சும் லாரி வந்து, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் நாளில், அவர் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"என்ன வே, போன வருசம்தான வந்துட்டுப் போச்சு? நம்ம வீட்டுக்கு லாரி வந்த சரித்திரமே கெடையாது. கட்டும்போது கூடவே நின்னு பாக்கணும். கொத்தன விட்டுட்டு ஆபீசுக்குப் போனா இப்படித்தான்."

கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூடவே நின்று பார்த்த பழக்கம்.

கோமு பிறந்தது அம்பாசமுத்திரத்தில், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில். ஒரு காலத்தில் நிலம் இருந்த குடும்பம் என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் கண்டதென்னவோ அப்பாவின் மாதச் சம்பளமும் சாயங்கால டியூஷனும்தான். மனையியல் படித்தாள், படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். ஒரே மகள் ப்ரியா கல்லூரிக்குப் போன பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி நிலையத்து விடுதிக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். தங்க இடம், சாப்பாடு, தலைவலி மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. பயந்த சுபாவம் என்று யாரும் சொல்ல முடியாது. விடுதி அடுக்களையில் சிலிண்டர் கசிந்தபோது, சமையலாட்கள் தெருவில் நிற்க, அவள்தான் அதை உருட்டிக்கொண்டு வெளியே வந்தவள்.

இந்த ஆனியில் வந்திருந்தவர்கள் தீவுக்காரர்கள். பாம்பன் தீவின் கடலோரக் குடியிருப்புகளிலிருந்து வந்த மகளிர் குழுக்காரர்கள், இரண்டொரு ஊராட்சிப் பணியாளர்கள். 'சிறு தீவுக் குடியிருப்புகளுக்கான கழிவுநீர் மேலாண்மைப் பயிற்சி' என்று முகப்பில் துணி கட்டியிருந்தது. சைவச் சமையல் அவர்களை வாட்டியது. டார்லின் என்ற பெண் மதியச் சாப்பாட்டில் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒங்க சொதியில நீந்துறதுக்கு ஒரு நெத்திலிகூட இல்லையே."

"உருளக்கெழங்கு நீந்துதுல்லா, அதப் புடிச்சித் தின்னு," என்றாள் கோமு.

காலை வேலை முடிந்தால் கோமு வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். மடியில் முறம், முறத்தில் அவரைக்காய். நார் உரித்துக்கொண்டே கேட்பாள். பாடம் நடத்திய பெருமாள்ராஜ் கோவில்பட்டிப் பக்கத்து இன்ஜினியர். அதட்டாமல் பேசுகிற மனிதர். தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது, அதனால்தான் கொஞ்சம் மணலைத் தோண்டினாலே ஊற்று கிடைக்கிறது, அதே மணலில்தான் கழிப்பறைக் குழியும் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்?

வரிசை முடிந்தபோது பின்னால் இருந்த கோமுவையும் விடவில்லை. "அக்கா, நீங்க?"

"எங்க வீட்ல கட்டுனதுல இருந்து எடுத்ததே இல்ல சார். ப்ரியா ஒண்ணாம் கிளாஸ் படிக்கையில கட்டுனது." சொல்லும்போது கணவரின் குரல் தன் வாயில் வந்துவிட்டதை உணர்ந்து சிரித்தாள். வகுப்பும் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள்.

பெருமாள்ராஜ் சிரிக்கவில்லை. "நெறையறதுதாங்கக்கா தொட்டியோட வேலை. நெறையலன்னா அடியில தரை இல்லன்னு அர்த்தம். இத்தன வருசமும் போனது மண்ணுக்குள்ள போயிருக்கு. குடிக்கதுக்கு என்ன தண்ணி?"

"கெணறு."

"எங்கன இருக்கு?"

"ஈசானி மூலைல."

"தொட்டி?"

"வாயு மூலைல. வாஸ்து பாத்துத்தான் சார் ரெண்டையும் வச்சாங்க."

கோமு சொல்லச் சொல்ல அவர் கரும்பலகையில் ஒரு நீளமான கட்டம் போட்டார். தெற்குப் பார்த்த வீடு. பின்பக்கம் வடக்கு, அதற்கு அப்பால் ஆறு. வடகிழக்கு மூலையில் ஒரு வட்டம், வடமேற்கு மூலையில் ஒரு சதுரம். இரண்டும் புறவாசலின் இரண்டு முனைகளில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சாஸ்திரத்தில் எந்தப் பிழையும் இல்லை. மனைதான் ஒடுக்கம்.

"வீட்டுக்கு அகலம் எவ்வளவு இருக்கும்?"

"முப்பது அடி."

"ஆத்தங்கரை மண்ணுக்கு இது பத்தாதுக்கா," என்றார் அவர், மெதுவாக. "கொதிக்க வச்சிக் குடிக்கீங்களா?"

கோமு தலையாட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கொதிக்க வைத்தால் ருசி போய்விடும் என்பது பாபநாசத்தின் கட்சி. செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த கிணற்றுத் தண்ணீரைவிட மருந்து உண்டா என்பார். அந்தக் குடத்திலிருந்துதான் ப்ரியாவும் குடித்துக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

அன்று மதியம் ஹமீது பீவி தட்டைக் கழுவ வந்தவள் கோமுவின் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நாற்பது வயதிருக்கும். தீவு மகளிர் குழுத் தலைவி. கோமுவை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, மூஞ்சி ஏன் செத்துப்போச்சு? சாரு சொன்னதுக்கா?"

"எம்மவ முழுகாம இருக்கா. எட்டு மாசம்."

ஹமீது பீவி தட்டைக் கீழே வைத்தாள். அவள் பேசாமலே போயிருக்கலாம் என்று கோமுவுக்குப் பிறகு பலமுறை தோன்றியது.

"நான் ஏன் இங்க வந்து ஒக்காந்திருக்கேன்னு நெனைக்கீய? என் தம்பி பொஞ்சாதி. இருபத்தி மூணு வயசு. எங்க பக்கம் நாலஞ்சு பேருக்கு மஞ்சக்காமால வந்துச்சு, எல்லாரும் படுத்து எந்திரிச்சிட்டாக. அவளுக்கும் வந்துச்சு. மாசமா இருந்தா. ஆஸ்பத்திரியில சொன்னாக, இந்த வகைக் காமால மத்தவுகளுக்கு வந்தா போயிரும், புள்ளத்தாச்சிக்கு வந்தா லேசுல போவாதுன்னு. கழிசல் கலந்த தண்ணியில வரதாம். ஒரே வாரம், லாத்தா. தாயும் புள்ளையும் மௌத்து."

பின்னால் ஒருத்தி சாம்பார் கேட்டாள். கோமு ஊற்றினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிசானப் பருவத்துக்கு இன்னும் நாளிருக்க, கார் பருவத்து நெல் பச்சையாக நின்ற வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. எப்போதும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அன்றைக்குக் கோமு வயலைப் பார்க்கவில்லை, வயலில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். எல்லாத் தண்ணீரும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருதடவையாவது, போனது எங்கே போகிறது என்று யோசித்தோமா என்று நினைத்தாள். ப்ரியா வந்த நாளிலிருந்து எத்தனை செம்பு குடித்திருப்பாள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ப்ரியா முன்கூடமான பட்டாசலில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"கீழ வை அத."

"என்னம்மா?"

"செம்பக் கீழ வைங்கேன்."

குரல் கோமுவுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. ப்ரியா பயந்து வைத்தாள். அப்புறம் கோமு வேறு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. குடத்தில் பல்லி விழுந்ததை இப்போதுதான் பார்த்ததாகச் சொன்னாள். உள்ளே போய்க் குடத்தைக் கவிழ்த்தாள். கடைக்கு ஆளனுப்பித் தண்ணீர் கேன் வரவழைத்தாள்.

கேனைப் பார்த்துப் பாபநாசம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "என்ன கோமு, கிணத்த வச்சிக்கிட்டுக் கேன் வாங்குத? தெருவுல போறவன் சிரிப்பான்."

"மெதுவாப் பேசுங்க. தொட்டிக்கு அடியில காங்க்ரீட் போட்டீயளா?"

அவர் கேன் மூடியைத் திருகிப் பார்த்தார்.

"யாரு போடுதா? கொத்தன் சொன்னான், அடிய மண்ணா விட்டா உறிஞ்சிக்கிடும், லாரிக்குத் தண்டம் அழ வேண்டாம்னு. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் கட்டிருக்கான். அண்ணாச்சி வீட்லகூட."

"உறிஞ்சிக்கிட்டு எங்க போச்சு?"

"பூமிக்கு. வேற எங்க போகும்?"

"நம்ம கிணறு எங்க இருக்கு?"

"ஏட்டி, மூணு நாள் வகுப்புல போய் ஒக்காந்துட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தாத. நான் இந்தத் தண்ணியத்தான் குடிக்கேன். எனக்கு என்ன வந்துச்சு? ப்ரியா இந்தத் தண்ணியில வளந்தவதான?"

கோமுவும் அதையேதான் பஸ்ஸில் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் நோய் உள்ள ஒருவர் அந்தக் கழிப்பறைக்குப் போகாதவரைதான் அது. வளைகாப்புக்கு வந்த கூட்டத்தில் யார் யார் போனார்கள்? அடுத்த தெரு நாத்தனார் மகன் அப்போதுதான் ஏதோ காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்தான். அவன் கண் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். புகைப்படத்தை எடுத்தும் பார்த்தாள். படத்தில் எல்லாருடைய முகத்திலும் சந்தனம்.

மறுநாள் பெருமாள்ராஜிடம் கேட்டுச் சாயப்பொடி வாங்கி வந்தாள். தீவுக்காரர்களுக்குச் சோதனை செய்துகாட்ட வைத்திருந்தது. கெடுதல் இல்லாத பொடி, கழிப்பறையில் கரைத்து ஊற்றினால், கசிவு இருந்தால் கிணற்றில் பச்சையாகத் தெரியும். ஊற்றிவிட்டு, காலையும் மாலையும் புறவாசலுக்குப் போய் ஒரு வாளி இறைத்து, வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்பாள். அந்த நாட்களில் அவள் வேண்டிக்கொண்டது வேடிக்கையானது: தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும். திருச்செந்தூருக்கு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாபநாசம் எட்டிப் பார்த்துத் தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். கோமுவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

பிறகு ஒரு காலை, பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் வெயில் பட்டதும் மினுங்கியது. இளம் பச்சை. மாங்காய்த் தோலைக் கழுவிய தண்ணீர் மாதிரி. கோமு கூப்பிடாமலே பாபநாசம் வந்து நின்றார். பாசியாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். இரண்டு பேரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து ப்ரியா, காபி ஆறுது என்று குரல் கொடுத்தாள்.

அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வழக்கமான பரிசோதனை என்றுதான் சொன்னாள் கோமு. டாக்டரம்மாவிடம் மட்டும் தனியாக எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தத்தில் ஈரல் சோதனை சரியாக இருந்தது.

"அப்ப பயமில்லையா டாக்டர்?"

"இன்னிக்குச் சரியா இருக்கு. குடிச்சு ஒரு மாசம், சில பேருக்கு அதுக்கும் மேல ஆகும் தெரியறதுக்கு. பிரசவம் வரைக்கும் கண்ணும் மூத்திரமும் மஞ்சளாகுதான்னு பாருங்க. வாந்தி, பசியின்மை எதுவா இருந்தாலும் உடனே வாங்க. ராத்திரி பகல் பாக்காதீங்க."

எட்டாம் மாதத்தில் வாந்தியும் பசியின்மையும் யாருக்குத்தான் இல்லை. ப்ரியா ஒரு வாய் சோற்றைத் தள்ளி வைத்தால் கோமு அவள் கண்ணைப் பார்ப்பாள். அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் இவள் உள்ளே நுழைவாள். "யம்மா, நீ என்னய வேவு பாக்கியா?" என்று ப்ரியா கேட்டாள். கடைசியில் கோமு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஹமீது பீவியின் தம்பி மனைவியைத் தவிர. ப்ரியா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அதான் பல்லியா," என்றாள்.

மகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோமு மற்றதைப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை சட்னிக்காக மிக்ஸி ஜாரை எடுத்தபோது அடியில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்தாள். கீழாநெல்லி. அந்த வீட்டில் அவளைத் தவிர மிக்ஸியைத் தொடுகிறவர் கிடையாது.

பாபநாசம் புறவாசலில் கிணற்றுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இங்கன திரும்புங்க."

"என்னத்துக்கு?"

"திரும்புங்கன்னா."

திரும்பினார். காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள், பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி.

"எத்தன நாளா?"

"அஞ்சாறு நாளாருக்கும். சூடுன்னு நெனச்சேன். கீழாநெல்லி மோர்ல கலக்கிக் குடிச்சா எறங்கிரும். அவ முன்னால சொல்லாத, பயந்துருவா."

கோமு துவைகல்லில் உட்கார்ந்தாள். இவருக்கு என்ன ஆகும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை. அதற்காக அவள் பின்னால் வெட்கப்படவும் இல்லை. நினைத்தது ஒன்றுதான்: இவர் எந்த நாளில் எந்தக் குடத்திலிருந்து குடித்து இது வந்ததோ, அந்த நாளில் அதே குடத்திலிருந்து ப்ரியாவும் குடித்திருக்கிறாள்.

டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். பாபநாசத்துக்கு ஓய்வும் கஞ்சியும் போதும், தானாக இறங்கும். ஆனால் கர்ப்பிணி அந்த வீட்டில், அந்தக் கழிப்பறையில் இருக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும்.

பாளையங்கோட்டையில் இருந்தது ப்ரியாவின் கணவன் சிவகணேஷின் வீடு. சீர் செனத்தியோடு வளைகாப்பு நடத்தி அழைத்து வந்த மகளை, பிள்ளை பெறும் முன்னே மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கோமு சம்பந்தியிடம் தொலைபேசியில் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள், "கிணத்துக்கும் கக்கூஸுக்கும் எடம் பாத்துக் கட்டமாட்டாகளா?" என்றாள். பாத்துத்தான் கட்டினோம் என்று சொல்ல கோமுவுக்கு வாய் வரவில்லை.

சிவகணேஷ் கார் கொண்டுவந்தான். பாபநாசம் வெளியே வரவில்லை, உள்ளறை ஜன்னலில் நின்றார். ப்ரியா காருக்குள் மெதுவாக ஏறி உட்கார்ந்தாள்.

"தலைப்பிரசவத்துக்கு வந்தவள வீட்ட விட்டு அனுப்புத மொத ஆளு நீதான் யம்மா," என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள்.

"மொத ஆளாவே இருந்துட்டுப் போறேன்," என்றாள் கோமு.

"நீயும் வாயேன்."

"ஒங்கப்பாக்குச் செஞ்ச கையோட வந்து ஒனக்குச் செய்யவா? கதவச் சாத்து. மெல்லப் போங்க மாப்ளே."

விடுதி வேலைக்கும் விடுப்பு சொல்லியாகிவிட்டது. பெருமாள்ராஜ்தான் சொன்னார், நோயாளி தேறும்வரை அடுக்களைப் பக்கம் வர வேண்டாம் என்று. அதன் பிறகுதான் கோமுவுக்கு இன்னொன்று உறைத்தது. அவள் கையால் பரிமாறிச் சாப்பிட்டவர்கள் தீவுக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். ஹமீது பீவியைக் கூப்பிட்டுச் சொன்னாள். திட்டினால் திட்டட்டும் என்றுதான் கூப்பிட்டாள்.

மறுமுனையில் காற்று இரைந்தது. "நாங்க பாத்துக்கிடுதோம் லாத்தா. சொன்னீயளே, அது போதும். மக எங்க?"

"அனுப்பிட்டேன்."

"கண்ணு?"

"இதுவரைக்கும் வெள்ளைதான்."

"அப்ப ஒண்ணு செய்யச் சொல்லுங்க. எங்க பக்கம் நர்ஸம்மா தினம் வர மாட்டாக. அதனால புள்ளத்தாச்சி எல்லாரும் விடிஞ்சதும் கண்ண விரிச்சிப் போட்டோ எடுத்து அவுக போனுக்கு அனுப்பணும்னு வச்சிருக்கோம். தம்பி பொஞ்சாதி போன பெறகு வச்சது. நாம பாத்துக்கிட்டே இருந்தா நமக்கும் தெரியாது லாத்தா, கண்ணு பழகிரும். படத்துல தெரிஞ்சிரும்."

அன்றிலிருந்து காலையில் படம் வரும். ஒரு விரல் கீழிமையை இழுத்துப் பிடித்திருக்க, பெரிதாக ஒரு கண். மகளின் கண்ணை இத்தனை அருகில் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூடக் கோமு பார்த்ததில்லை. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். பிறகு போனை வைத்துவிட்டுப் பாபநாசத்துக்குக் கஞ்சி வைப்பாள். அவர் தேறிக்கொண்டிருந்தார். தொட்டியை உடைத்து அடியில் தளம் போட, கிணற்றை மூட, ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரிடம் பேசினாலும் குரல் தாழ்ந்தே இருந்தது. இரண்டு முறை கேட்டார், "என்ன, இன்னிக்கு?" என்று. மற்ற நாட்களில் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த படத்தில் கண் மங்கலாக, ஓரத்தில் சந்தன நிறமாகத் தெரிந்தது. கோமு அடுக்களையில் நின்றவள் நின்றபடியே கூப்பிட்டாள்.

"எங்கன நின்னு எடுத்த?"

"ரூம்லம்மா. இப்பத்தான் எந்திரிச்சேன்."

"லைட்டு போட்டுருந்தியா?"

"ஆமா, பல்பு. ஏன்? யம்மா, ஏன் கேக்க?"

"ஒண்ணுமில்லட்டி. ஜன்னல்ட்ட போ. லைட்ட அணச்சிட்டு, வெளிச்சத்தப் பாத்து நின்னு இன்னொண்ணு எடுத்து அனுப்பு."

வாங்கி வைத்த பால் அடுப்புமேடையில் இருந்தது. பாபநாசம் வாசற்படியில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். கோமு போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றாள்.